காரணம் என்ற கட்டம்

போன மார்கழியில் கனடாவிலிருந்து மகன் குடும்பத்தோடு வந்திருந்தான். ஒரு சாயங்காலம் மொட்டை மாடியில் உட்கார்ந்து, அவன் வீட்டுப் பக்கத்துக் கடைத்தெருவை கைபேசியில் காட்டிக்கொண்டிருந்தான். ஒரு தோசைக் கடை, அதற்கடுத்து ஒரு நகைக்கடை, அதற்கும் அடுத்து உள்ளே ஒன்றும் தெரியாதபடி கண்ணாடியை மறைத்த ஒரு கடை.

"இது என்னடா கடை, முகத்த மூடிக்கிட்டு நிக்குது?"

"கஞ்சா கடைப்பா. கவர்ன்மென்ட் லைசென்ஸ்."

காபி டம்ளரோடு வந்த என் மனைவி, "கலி முத்திப் போச்சு" என்று சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பிவிட்டாள். மகன் சிரித்துக்கொண்டே கேட்டான்: "நம்ம நாட்டுல இந்த மாதிரி லைசென்ஸ் கடை எப்பவாச்சும் வருமாப்பா?"

"வருமாவா? போயே நாப்பது வருஷம்தாண்டா ஆகுது" என்றேன். அவன் நம்பவில்லை. அவனுக்கு அன்று சொன்னதையும், சொல்லாமல் விட்ட ஒன்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வெற்றிலை பாக்குக்கூடப் பழக்கமில்லை. கஞ்சாவுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. முப்பத்தைந்து வருஷம் அரசாங்கப் பதிவேடுகளில் எழுதியவன் நான். ஒரு பதிவேடு எப்படி உண்மையாகிவிடுகிறது என்பதுதான் என் கவலை.

நான் படித்தது பிரெஞ்சு மீடியம். சரித்திர வகுப்பில் நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்பை ஒப்பிக்கச் சொல்வார்கள். பிரமிடுகள், போர்கள், தேதிகள் எல்லாம் வரும். ஆனால் அங்கே படைத்தலைவராக இருந்த மெனு 1800 அக்டோபரில் ஹஷிஷுக்குத் தடை போட்டு, அதை விற்ற காபிக் கடைகளை மூட உத்தரவிட்டதை எந்த வாத்தியாரும் சொல்லவில்லை. அதே பிரெஞ்சு அரசாங்கம் பிற்பாடு மொராக்கோவைத் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டபோது, புகையிலைக்கும் கிஃப் என்கிற அந்த ஊர்க் கஞ்சாவுக்கும் சேர்த்து ஒரே 'ரெழி' நடந்தது. ரெழி என்றால் ஏகபோகக் குத்தகைக் கம்பெனி. கிஃபை ரெழி விற்றால் வருமானம், தனி ஆள் விற்றால் குற்றம். அங்கே முழுத் தடை வந்தது 1954இல். அதே வருஷம் நவம்பர் முதல் தேதிதான் எங்கள் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கியது.

இனி ஆங்கிலேயர் கதைக்கு வருகிறேன்.

இன்றைக்கு வங்கதேசத்தில் இருக்கும் நவுகாவ், அந்தக் காலத்தில் வங்காள மாகாணத்தின் கஞ்சாக் களஞ்சியம். பயிரிட உரிமம் வேண்டும். அது உரிமம் பெற்ற விவசாயிக்குத்தான் கிடைக்கும். பயிர் வளர்ந்து வரும்போது 'பொத்தார்' என்று ஒரு நிபுணர் வயலுக்கு வருவார். ஆண் செடி எது, பெண் செடி எது என்று பார்த்து, ஆண் செடிகளைப் பிடுங்கிப் போடுவது அவர் தொழில். ஆண் செடி நின்றால் பெண் செடியின் பூவில் விதை பிடித்துவிடும், சரக்குக் கெட்டுவிடும். அறுவடையானதும் பூங்கொத்துகளைப் பரப்பிக் காலால் மிதித்துத் தட்டையாக்கினால் 'தட்டைக் கஞ்சா', உருட்டினால் 'உருண்டைக் கஞ்சா', உதிர்ந்தது 'சூர்'. மூன்றுக்கும் தனித்தனிக் கணக்கு.

சரக்கு விவசாயியின் வீட்டுக்குப் போகக்கூடாது. 'கோலா' எனப்படும் பொதுக் கிடங்குக்குத்தான் போகவேண்டும். அங்கே கலால் அதிகாரி முன்னால் எடை போட்டு, மூட்டை கட்டி, முத்திரை வைப்பார்கள். மொத்த வியாபாரி பாஸ் வாங்கித்தான் தன் மாவட்டத்துக்கு எடுத்துப்போக முடியும். அங்கே வரி. கடைசியில் சில்லறைக் கடை, அதன் உரிமம் வருஷாவருஷம் ஏலம். வயலிலிருந்து வாடிக்கையாளர் கைவரை ஒவ்வொரு படியிலும் ஒரு குமாஸ்தா, ஒரு பேரேடு, ஒரு முத்திரை. கனடாவில் இன்று 'விதையிலிருந்து விற்பனை வரை கண்காணிப்பு' என்று பெருமையாகச் சொல்கிறார்கள். அதில் கணினி ஒன்றுதான் புதுசு.

சென்னை மாகாணத்தில் இந்த அளவு கட்டுப்பாடு இல்லை. கிருஷ்ணா மாவட்டத்தில் பாபட்லா பக்கமும், வடாற்காட்டில் ஜவ்வாது மலையிலும் பயிர் இருந்தது. பல இடங்களில் வீட்டுக் கொல்லையில் இரண்டு செடி நிற்கும். யாரும் கேட்பதில்லை.

இப்படி நடந்துகொண்டிருக்கையில் லண்டனில் ஒரு கூச்சல் கிளம்பியது. மதுவிலக்குக் கட்சியினர், 'இந்தியாவின் பைத்தியக்கார ஆஸ்பத்திரிகள் கஞ்சாக் குடியர்களால் நிரம்பி வழிகின்றன, அரசாங்கம் அதில் வரி வாங்கிச் சம்பாதிக்கிறது' என்றார்கள். 1893 மார்ச்சில் பாராளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. ஜூலையில் இந்திய அரசாங்கம் ஒரு கமிஷன் போட்டது. தலைவர் மாக்வொர்த் யங். உறுப்பினர் ஆறு பேரில் மூவர் இந்தியர்கள். எழுபது கேள்விகளை அச்சடித்து மாகாணம் மாகாணமாக அனுப்பினார்கள். 1,193 சாட்சிகளை விசாரித்தார்கள். பர்மாவரை போனார்கள், சென்னைக்கும் வந்தார்கள். டாக்டர்கள், கலெக்டர்கள், பாதிரிமார்கள், பயிரிடுகிறவர்கள், விற்கிறவர்கள், புகைக்கிறவர்கள் என்று ஒருவரையும் விடவில்லை. 1894இல் அறிக்கை வந்தது. ஏழு தொகுதிகள், மூவாயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்கள்.

அதில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளைப் பற்றிய அத்தியாயம். 1892ஆம் வருஷம் இந்திய மனநோய் ஆஸ்பத்திரிகளில் சேர்ந்தவர்கள் 1,344 பேர். அதில் 222 பேருக்குக் காரணம் கஞ்சா வகைகள் என்று ஆஸ்பத்திரிப் பதிவேடுகள் சொல்லின. வேறொரு கமிஷனாக இருந்தால் அந்த 222ஐ அப்படியே எடுத்து அறிக்கையில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருக்கும். இவர்கள் அந்த ஒவ்வொரு கேஸையும் திரும்ப எடுத்தார்கள். நோயாளியின் ஊருக்கு ஆள் அனுப்பி, வீட்டாரையும் அக்கம்பக்கத்தையும் கேட்கச் சொன்னார்கள்.

விஷயம் வெளியே வந்தது. நோயாளியைக் கொண்டுவருபவர் போலீஸ்காரர். படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதைக் காலியாக விட முடியாது. குடும்பம் பக்கத்தில் இருக்காது. போலீஸ்காரர் 'கஞ்சா' என்பார், அது ஏறிவிடும். ஆஸ்பத்திரி அதை அப்படியே தன் பதிவேட்டில் எழுதிக்கொள்ளும். வருஷக் கடைசியில் கூட்டிப் போட்டு மேலே அனுப்புவார்கள். அந்தக் கூட்டுத்தொகைதான் லண்டனில் பேச்சாக மாறியது. விசாரித்து முடித்தபோது 222 பேரில் நின்றது 98 பேர். அதிலும் பலருக்குக் கஞ்சாவோடு வேறு காரணங்களும் கலந்திருந்தன.

மகனிடம் சொல்லாமல் விட்டது இந்த இடத்தில் வருகிறது.

வேலையில் சேர்ந்த புதிதில், எழுபதுகளின் தொடக்கத்தில், ஓர் ஆஸ்பத்திரியின் பதிவேட்டுப் பிரிவில் என்னைப் போட்டிருந்தார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று வேண்டாம். ஒரு காலை நேரம் ஒரு கான்ஸ்டபிள் ஓர் ஆளைக் கொண்டுவந்தார். மாட்டுவண்டி ஓட்டுகிறவர், நாற்பது வயதிருக்கும். இரவெல்லாம் மார்க்கெட்டில் நின்று கத்தியிருக்கிறார். என் முன்னால் படிவம். பெயர், தகப்பனார் பெயர், வயது, தொழில். அதற்கப்புறம் காரணம். நான் பேனாவை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன்.

"கஞ்சாக் கேசு சார், எழுதுங்க" என்றார் கான்ஸ்டபிள்.

எழுதினேன். டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

பத்து நாள் கழித்து அந்த ஆளின் மனைவி வந்தாள். "அவரு பீடிகூடத் தொடமாட்டாருங்கய்யா. மூத்த புள்ள காய்ச்சல்ல போயிட்டான். அன்னையிலேருந்து தூக்கமே இல்ல அவருக்கு" என்றாள். பெண்ணுக்குப் பேசி வைத்த இடத்தில் இந்த 'கஞ்சா' விஷயம் காதுக்குப் போய்விட்டது. "அந்த ஒரு வார்த்தைய மட்டும் எடுத்துடுங்கய்யா" என்று கேட்டாள்.

தலைமை எழுத்தரிடம் போனேன். "டாக்டர் கையெழுத்துப் போட்ட காகிதத்துல நாம கைவைக்க முடியாதுப்பா. அடித்தல் திருத்தல் கூடாது" என்றார். விதிப்படி அவர் சொன்னது சரிதான். ஆனால் டாக்டரிடமே போய் உண்மையைச் சொல்லித் திருத்தம் எழுதி வாங்கியிருக்கலாம். அதற்கும் விதியில் வழி உண்டு. எனக்கு அப்போது இருபத்திமூன்று வயது, வேலை நிரந்தரமாகவில்லை, பயம். அடுத்த வாரம் வரச் சொன்னேன். அந்த அம்மாள் மூன்று தடவை வந்தாள். நாலாவது தடவை வரவில்லை. அந்தக் கல்யாணம் என்ன ஆயிற்று என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வருஷக் கடைசியில் நான்தான் ஆண்டறிக்கை தயாரித்தேன். போதைப்பொருளால் வந்தவர்கள் என்ற வரியில் அந்த வண்டிக்காரரும் ஓர் எண்ணாகச் சேர்ந்து மேலே போனார். என் கையெழுத்து அப்போது முத்து முத்தாக இருக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள்.

ஓய்வு பெற்றபின் அந்த 1894 அறிக்கையைப் பற்றிப் படித்தபோது, அந்த 222க்கும் 98க்கும் நடுவில் நான் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

கமிஷனின் முடிவு என்ன? மிதமாக உபயோகிப்பவருக்கு அநேகமாகக் கெடுதி இல்லை, அளவு மீறினால் கெடுதி உண்டு, பலவீனமான மனசுள்ளவர்களுக்கு அதிகம் உண்டு. முழுத் தடை அவசியமும் இல்லை, உசிதமும் இல்லை. பயிருக்கு உரிமம், கிடங்கு, போதுமான வரி, கடைகளின் எண்ணிக்கைக்கும் கையில் வைத்திருக்கும் அளவுக்கும் வரம்பு என்று கட்டுப்படுத்துங்கள். சென்னை மாதிரி மாகாணங்களிலும் வங்காள முறையைக் கொண்டுவாருங்கள்.

இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளவும் கூடாது. மூன்று இந்திய உறுப்பினர்களில் இருவர், தாஹிர்பூர் ராஜா சோஷி சிகரேஷ்வர் ராயும் லாலா நிஹால் சந்தும், மற்றவர்களோடு ஒத்துப்போகாமல் மாறுபட்ட குறிப்பு எழுதி வைத்தார்கள். கலால் வருமானம் வாங்குகிற அரசாங்கம், அந்தச் சரக்கு நல்லதா கெட்டதா என்று தானே கமிஷன் போட்டுக் கேட்டால் ஊரார் சந்தேகப்படத்தான் செய்வார்கள். அந்தச் சந்தேகம் நியாயமானது. இன்றைக்கும் அது நியாயம்தான்.

அதன்பின் நவுகாவ் இன்னும் ஒழுங்காயிற்று. 1917இல் கஞ்சா விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். லாபத்தில் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் நடத்தினார்கள். நம்மூரில் கரும்பு விவசாயிகள் சங்கம் எப்படியோ அப்படி.

ஆனால் உலகம் வேறு பக்கம் திரும்பியது. 1924 கடைசியில் ஜெனீவாவில் அபின் மாநாடு. எகிப்தின் பிரதிநிதி எல் கிந்தி எழுந்து, தன் நாட்டில் பைத்தியமானவர்களில் நூற்றுக்கு 30 முதல் 60 பேருக்கு ஹஷிஷ்தான் காரணம் என்றார். சபை அசந்துபோயிற்று. அந்த எண்ணிக்கைக்குப் பின்னாலும் ஆஸ்பத்திரிப் பதிவேடுகள்தான் இருந்தன. அந்தக் 'காரணம்' கட்டத்தை நிரப்பியது யார் என்று கேட்க அங்கே ஒரு மாக்வொர்த் யங் இல்லை. முப்பது வருஷத்துக்கு முன் இந்தியாவில் எழுதிய ஏழு தொகுதிகளை அங்கே யாரும் பெரிதாக எடுத்துப் பேசவில்லை. 1925 ஒப்பந்தத்தில் கஞ்சாவும் சேர்ந்தது.

1961 ஒப்பந்தத்தில் இது இன்னும் கடுமையாயிற்று. பழைய பழக்கம் உள்ள நாடுகள் கஞ்சாவை நிறுத்த 25 வருஷ அவகாசம் கொடுத்தார்கள், இந்தியாவும் அதைக் கேட்டு வாங்கியது. அந்தக் கெடு 1989இல் முடிய இருந்தது. அதற்குள் 1985 நவம்பர் 14ஆம் தேதி நம்முடைய போதைப்பொருள் சட்டம் அமலுக்கு வந்தது. சென்னையில் மதுவிலக்குச் சட்டத்தோடு முன்னமே கஞ்சாக் கடைகள் போயிருந்தன. வடக்கே சில மாநிலங்களில் அதுவரை நடந்த உரிமக் கடைகள் இப்போது மூடின. நவுகாவில் 1987இல் பயிர் நின்றது.

நம் சட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. கஞ்சா என்றால் பூவும் காயும் பிடித்த நுனிப்பகுதி. தனியாக உள்ள இலையும் விதையும் அந்த வரையறையில் வராது. அதனால்தான் ஒரே செடியின் இலையை அரைத்துப் பாங்கு என்று ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமக் கடையில் விற்கலாம். பூவை விற்றால் சிறை. ஒரு சாண் உயரத்துக்குள் சட்டம் இரண்டாகப் பிரிகிறது.

இப்போது சக்கரம் மறுபடி சுற்றுகிறது. உருகுவே 2013இல் சட்டம் போட்டது. கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கடை திறக்கலாம் என்றார்கள். மொராக்கோ 2021இல் மருந்துக்கும் தொழிலுக்கும் மட்டும், மூன்று மாகாணங்களில் பயிரிட அனுமதித்தது. இங்கே உத்தரகண்ட் 2018இல் நாருக்கும் விதைக்குமான செடி வளர்க்க உரிமம் கொடுத்தது, போதைச் சத்து 0.3 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு. தாய்லாந்து 2022இல் கதவை அகலத் திறந்து, 2025இல் மருத்துவர் சீட்டு வேண்டும் என்று பாதி மூடிவிட்டது.

இந்தத் தொழில் பொன் முட்டையிடும் வாத்து என்று பணம் போட்டவர்கள் நினைத்தார்கள். கனடாவில் ஸ்மித்ஸ் ஃபால்ஸ் என்ற சிற்றூரில் ஹெர்ஷி சாக்லேட் கம்பெனி விட்டுப்போன தொழிற்சாலையைக் கஞ்சாக் கம்பெனி ஒன்று வாங்கியது. ஊரே பிழைத்தது என்றார்கள். 2023இல் அந்தக் கம்பெனி அந்த இடத்தை மூடுவதாக அறிவித்தது. கட்டடத்தை ஹெர்ஷியே திரும்ப வாங்கிக்கொண்டது.

கலால் வரியில்தான் கணக்கு இடித்தது. கிராமுக்கு ஒரு டாலர் அல்லது விலையில் பத்து சதவீதம், இதில் எது அதிகமோ அது வரி. கிராம் பத்து டாலர் விற்கும் என்ற நினைப்பில் போட்டது. அப்படி விற்றால் இரண்டும் ஒன்றுதான். விலை சரிந்து மூன்று, நாலு டாலருக்கு வந்ததும் அந்த ஒரு டாலர் மூன்றிலொரு பங்கு, கால் பங்கு ஆகிவிட்டது. கம்பெனிகள் வரி பாக்கி வைத்தன. வரியை ஏற்றினால் கள்ளச் சந்தை சிரிக்கும், இறக்கினால் உபயோகம் கூடும். நவுகாவ் கலால் குமாஸ்தா தினமும் முழித்த அதே முழிதான்.

மகன் இன்னொன்றும் சொன்னான். அங்கே டப்பாவின் மேல் போதைச் சத்து எத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருக்கும், வாங்குபவர்கள் அந்த எண்ணைப் பார்த்துத்தான் வாங்குவார்களாம். நான் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் சட்டபூர்வமாக விற்கும் சில மாநிலங்களில், எண்ணைக் கூட்டிக் காட்டும் ஆய்வுக்கூடத்தைக் கம்பெனிகள் தேடிப் போவதும், அப்படிப்பட்ட ஆய்வுக்கூடங்கள் மேல் அரசாங்கம் நடவடிக்கை எடுப்பதும் நடக்கிறது. அன்றைக்கு 'காரணம்' என்ற கட்டம், இன்றைக்கு 'சதவீதம்' என்ற கட்டம். முன்னது போலீஸ்காரர் சொல்படி நிரம்பியது, பின்னது வியாபாரி விருப்பப்படி.

ஆகவே இந்தத் தொழிலின் எதிர்காலம் பற்றி என் அபிப்பிராயம் இதுதான். தடையா அனுமதியா என்று பெரியவர்கள் தீர்மானிக்கட்டும். எதுவானாலும் ஒரு பேரேடு இருக்கும். சில வருஷத்துக்கு ஒருமுறை அந்தப் பேரேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, அதில் பெயர் உள்ளவர்களின் வீட்டுக்குப் போய் விசாரிக்க ஆள் வேண்டும். அந்த ஆள் வரி வாங்குகிற இலாகாவைச் சேர்ந்தவராகவும் இருக்கக்கூடாது, சரக்கு விற்கிறவரின் சம்பளத்திலும் இருக்கக்கூடாது. 1893இல் செய்தது பாதிதான், ஆனால் அந்தப் பாதியே 124 பேரின் பெயரைச் சுத்தப்படுத்தியது.

தப்பாக எழுதியதைத் திருத்தவும் ஒரு வழி வேண்டும். 2024 ஆகஸ்டில் மொராக்கோ மன்னர், கஞ்சா பயிரிட்டதற்காகத் தண்டனை பெற்றவர்களும் தேடப்பட்டவர்களுமாக 4,831 பேருக்கு மன்னிப்பு வழங்கினார். சட்டம் மாறி மூன்று வருஷம் கழித்து என்றாலும், பழைய பதிவேட்டைத் திரும்ப எடுத்தார்களே, அதைப் பாராட்டவேண்டும். எத்தனையோ நாடுகளில் கடை திறந்தாயிற்று, பழைய கேஸ்கள் அப்படியே கிடக்கின்றன.

மகன் ஊருக்குக் கிளம்புமுன், "அந்த அறிக்கையில உங்களுக்கு என்னப்பா அவ்வளவு அக்கறை?" என்று கேட்டான். சும்மா படித்தேன் என்று சொல்லிவிட்டேன். இதைப் படித்தால் அவனுக்குத் தெரியும்.

அந்த வண்டிக்காரர் இன்று இருந்தால் தொண்ணூறு தாண்டியிருக்கும். பதிவேட்டில் நான் எழுதியது தப்பு. அவருக்கு வந்தது புத்திர சோகம்.